பழவேற்காட்டில் கிடைத்த தகடு

"ஸார், இது ஜப்பான்காரன் ஏரோப்ளேன்!"

இவ்வாறு சொல்லிக்கொண்டே நம் வகுப்பு மாணவன் ஒருவன், பழைய வேஷ்டித் துணியில் சுற்றியிருந்த பொருளை மேஜைமீது வைத்தான். பிரித்துப் பார்த்தால் இரண்டு முழ நீளத்தில் ஓர் அலுமினியத் தகடு. ஒரு பக்கம் கிழிந்து வளைந்திருந்தது. ஓரத்தில் வரிசையாக ஆணித் தலைகள். நடுவில் நீலச் சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பையனுடைய தகப்பனாரின் வலையில், பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வெளியே, அது சிக்கியதாம்.

அன்று வகுப்பில் இரண்டாவது மகாயுத்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகளும் பெஞ்சுகளை விட்டு எழுந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். இருபது வருஷமாகச் சரித்திரம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். சரித்திரத்தைத் தொட்டுப் பார்க்க இவ்வளவு ஆவலை நாம் ஒரு நாளும் கண்டதில்லை. "ஆமாம், இது யுத்த விமானந்தான்" என்று சொல்லிவிட நமக்கும் ஆசை. ஆனால் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் சொல்லும் ஆசிரியர் ஒருவரிடம் சிறுவயதில் படித்து அவதிப்பட்டிருக்கிறோம். ஆகவே, "விசாரித்துச் சொல்கிறோம்" என்று தகட்டை வாங்கி வைத்துக்கொண்டோம்.

விசாரிப்பதற்கு நமக்கு வீட்டிலேயே ஒரு நிபுணர் உண்டு. நம் மைத்துனர் இந்திய விமானப் படையில் இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் பெரும் பகுதி தாம்பரத்தில், ஏ.என்.32 என்னும் பார விமானங்களின் வயிற்றுக்குள் கழிந்தது. தகட்டைப் பார்த்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "கிடைத்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அத்தான்" என்றார். பழவேற்காட்டு இறால்மீது அவருக்குள்ள பிரியம் நாம் அறிந்ததே. இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரயாணம் நிச்சயமாயிற்று.

*

மீஞ்சூர் சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி ரயில் மார்க்கத்தில் இருக்கிறது. இதற்கு வடகாஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. காஞ்சியைப் போலவே இங்கும் ஏகாம்பரநாதர் இருக்கிறார், வரதராஜப் பெருமாளும் இருக்கிறார். ஆயினும் இந்நாளில் சென்னைவாசிகளுக்கு மீஞ்சூர் என்றால் ஞாபகம் வருவது குடிதண்ணீர்தான். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010-ஆம் வருஷம் முதல் கடல் நீரை நன்னீராக்கி, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வரையில் பட்டணத்துக்கு அனுப்பும் ஆலை ஒன்று நடக்கிறது. வண்டலூரிலிருந்து புறப்படும் வெளிவட்டச் சாலையும் இங்கேதான் வந்து முடிகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாய் ஊரைக் குலுக்கிக்கொண்டு ஓடுகின்றன. இந்த லாரிகளை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலை ரயிலில் ஏறி, அனுப்பம்பட்டைத் தாண்டிப் பொன்னேரியில் இறங்கினோம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். தகடு நம் மடியில் இருந்தது. "சமையல் பாத்திரமா, ஸார்?" என்று கண்டக்டர் கேட்டார். "யுத்த விமானம்" என்றார் மைத்துனர். கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் முன்பக்கம் போய்விட்டார்.

வயல்கள் முடிந்து, மண்ணில் உப்பு வெளுக்கத் தொடங்கியதும் காற்றின் வாசனை மாறுகிறது. பிறகு திடீரென்று ஏரி! ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும் பகுதி ஆந்திர தேசத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. கிழக்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட தீவு. அங்கிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் இந்தப் பக்கத்துப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஊருக்குள் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் காவல் நிற்கின்றன. 1613-இல் அவர்கள் கட்டிய கெல்டிரியாக் கோட்டையோ இப்போது முட்புதரும் மேடுமாகக் கிடக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முன் செத்த வர்த்தகர்களின் பெயர் கல்லில் அழியாமல் நிற்க, அவர்களுடைய துணிகளை நெய்து கொடுத்த நம்மவர் ஒருவருடைய பெயர்கூட எங்கும் காணோமே என்று ஒரு பெருமூச்சு விட்டோம். மைத்துனர் அதற்குள் மீன் சந்தைப் பக்கம் திரும்பிவிட்டார்.

*

பையனுடைய வீடு ஏரிக்கு அக்கரையில், கடலோரக் குப்பம் ஒன்றில் இருந்தது. தகப்பனார் கடலுக்குப் போயிருந்தார். பாட்டனார் திண்ணையில் உட்கார்ந்து வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த தேகம். கண்களில் மட்டும் கடற்காற்று ஏற்படுத்திய ஒரு சிவப்பு.

"வாங்க வாத்தியாரய்யா, உக்காருங்க. புள்ள படிக்கிறானா?" என்றார்.

"நன்றாகப் படிக்கிறான், பெரியவரே. அவன் கொண்டுவந்த தகட்டைப் பற்றிக் கேட்கத்தான் வந்தோம்" என்றோம்.

பெரியவர் தகட்டை வாங்கிப் பார்க்கவில்லை. அது அகப்பட்ட இடத்தைச் சொன்னார். அவர் சொன்ன மாதிரி நாம் பூகோளப் பாடம் நடத்தியிருந்தால் நம் மாணவர்கள் அத்தனை பேரும் முதல் வகுப்பில் தேறியிருப்பார்கள். கலங்கரை விளக்கம் எந்தப் பனைமரத்துக்கு நேராக வரும்போது எத்தனை பாகம் ஆழம், எங்கே சேறு, எங்கே மணல், எங்கே 'பார்' என்று அவர்கள் சொல்லும் பாறைத்திட்டு, எந்த இடத்தில் வலை மாட்டினால் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஏரிக்குள் எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' ஏற்பாடு இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. தண்ணீரின் மேற்பரப்பை நாம் பார்க்கிறோம். இவர்கள் அடியைப் பார்க்கிறார்கள்.

இதற்குள் மைத்துனர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஆணித் தலைகளின்மேல் கட்டை விரலை மெதுவாக ஓட்டினார். நாடி பார்க்கும் வைத்தியரின் முகபாவம் அவருக்கு வந்துவிட்டது. பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"அத்தான், ஒவ்வோர் ஆணிக்கும் நடுவில் ஒரு துவாரம் இருக்கிறது, பாருங்கள். இது ஒரு பக்கத்திலிருந்தே துப்பாக்கிபோல் அழுத்திப் பூட்டுகிற ஆணி. யுத்தகால விமானத்தின் தோலுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று திடமான ஆணியை அடித்திருப்பார்கள். காற்றுத் தடுக்காமல் இருக்கத் தலையைத் தகட்டோடு சமமாக இறக்கியிருப்பார்கள். இரண்டாவது, விமானத் தகடு வெறும் அலுமினியமன்று. தாமிரம் கலந்த டூராலுமின். எண்பது வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்தால் வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஏடு ஏடாகப் பிரிந்து வந்துவிடும். இது இன்னும் பளபளக்கிறது."

"அப்படியானால் இது என்ன?"

"ஏதோ லாரியின் பக்கத் தகடு. மீஞ்சூர் வழியாகப் போனதாகவும் இருக்கலாம்."

பையன் முகம் சுருங்கிவிட்டது. நமக்கும் அப்படியே. பெரியவர் ஒருவர்தாம் ஏமாற்றமில்லாமல் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து, தலை நிமிராமலே கேட்டார்:

"எங்க அப்பாரு சொல்லுவாரு, சண்டைக் காலத்துல தலைக்குமேல எந்நேரமும் ஏரோப்ளேன் போகும்னு. அதெல்லாம் எங்கே போச்சு, வாத்தியாரய்யா?"

நல்ல கேள்வி. நம் வகுப்பில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவருக்கு நாம் சொன்னதையும், வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

*

1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பட்டணம் காலியாயிற்று. ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவில் நுழைந்து, 5-ஆம் தேதி கொழும்பையும், மறுநாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும், 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கியது. அடுத்தது சென்னைதான் என்று சர்க்கார் முதற்கொண்டு எல்லோரும் நம்பினார்கள். ஆபீஸ்கள் உள்நாட்டுக்கு ஓடின. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்து மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியர் வரவில்லை, மிருகங்கள்தாம் செத்தன. மறு வருஷம் அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் ஒன்று வந்து சென்னைமீது குண்டு போட்டுவிட்டுப் போயிற்று.

கொழும்புக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்ததற்குக் காரணம் ஒரு நீர் விமானம். இலங்கையின் தென்கோடியிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய 'காடலினா' விமானத்தில் பர்ச்சால் என்னும் கனடா தேசத்து அதிகாரி ஏப்ரல் 4-ஆம் தேதி அந்தப் பெரும் படையைக் கண்டு, கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியர் விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். ஒன்பது பேரில் மூவர் மாண்டார்கள். மற்ற ஆறு பேரும் யுத்தம் முடியும் வரையில் ஜப்பானில் சிறையிருந்தார்கள்.

இந்தக் காடலினாக்கள் நமக்கு அயலூர்க்காரர் அல்ல. 1942-இல் பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆவது படைப்பிரிவு செங்குன்றம் ஏரிக்கு வந்து சேர்ந்தது. மீஞ்சூருக்குத் தென்மேற்கே, பட்டணத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் அதே ஏரிதான். இரண்டு எஞ்சின், சிறகின் அகலம் நூற்று நான்கு அடி, வயிறு படகுபோல் இருக்கும். அது ஏரியில் ஓடிக் கிளம்பி, இருபது மணி நேரம்கூடக் கடல்மேல் சுற்றி, நீர்மூழ்கிகளைத் தேடிவிட்டு, மறுபடியும் ஏரியிலேயே வந்து அமரும். செங்குன்றத்துக்கு வடக்கே சோழவரத்தில் தரை விமானங்களுக்கு ஓடுபாதை போட்டார்கள். யுத்தம் போன பிறகு அந்த ஓடுபாதையில் பல வருஷம் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. பந்தயம் பார்க்கச் சைக்கிளில் போனதாக நம் தகப்பனார் சொல்லியிருக்கிறார். அது எதற்காகப் போட்ட பாதை என்று அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

யுத்தம் 1945-இல் முடிந்தது. விமானங்கள் என்னவாயின?

இங்கேதான் கதை நம் தேசத்தைவிட்டு வெளியே போகிறது. பழைய யுத்த விமானங்களின் சிதைவுகளை அயல்நாட்டில் தேடிக் கண்டுபிடித்து ஊருக்கு எடுத்துச் செல்வது இந்நாளில் மேல்நாட்டில் ஒரு பெரிய முயற்சி. பணம் படைத்தவர்களும் காட்சிசாலைக்காரர்களும் அதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் தேடிப்போன அயல்நாடுகளில் முக்கியமான ஒன்று எது என்றால், நேயர்களே, நம் இந்தியாதான்!

'லிபரேட்டர்' என்று நான்கு எஞ்சின் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். 18,000-க்கும் மேல் செய்தார்கள். 1941-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டப்படி அவை பிரிட்டனுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டவை. யுத்தம் தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும். இந்தியாவிலிருந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் கொண்டுவந்து சேர்த்து, மறுபடி பறக்கவொட்டாதபடி சிதைத்துவிட்டு வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். ஓர் இரவல் பாத்திரத்தைத் திருப்பித் தருவதற்குப் பதிலாகக் கல்லில் மோதி உடைப்பது என்ன தர்மமோ, நமக்கு விளங்கவில்லை.

1948-இல் சுதந்திர இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது, கையில் பணமில்லை. அப்போது பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனிக்காரர்கள் கான்பூர்க் குப்பைமேட்டைப் போய்ப் பார்த்தார்கள். 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் என்னும் சுதேசி முதலாளி ஆரம்பித்த தொழிற்சாலை அது. ஒன்றின் சிறகை எடுத்து மற்றொன்றில் பொருத்தி, ஒன்றின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, எப்படியோ பெங்களூர் வரையில் பறக்கும்படி செய்தார்கள். பறந்துகொண்டு போனவர் ஜம்ஷெத் முன்ஷி என்ற கம்பெனி விமானி. வழியில் நின்றுவிட்டால் ஓரமாக நிறுத்திப் பார்க்க அது மாட்டு வண்டியல்லவே! அப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பதுக்குக் கிட்டத்தட்ட விமானங்கள் பெங்களூர் சேர்ந்து, முழுதும் செப்பனிடப்பெற்று, நம் விமானப் படையில் சேர்ந்தன. வேறு தேசங்களில் இந்த ஜாதி விமானம் உருக்கப்பட்டுப் பாத்திரமாகவும் ஜன்னல் சட்டமாகவும் மாறிக்கொண்டிருந்தபோது, நம்முடையவை 1968 வரையில் கடலைக் காவல் காத்தன.

இந்தக் கட்டத்தில் மைத்துனர் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெக்கானிக் ஜாதியின் கௌரவம்! "உடைத்துப் போட்டதை ஒட்டவைத்தோம், பெரியவரே" என்று தாமே பெங்களூரில் இருந்ததுபோல் சொன்னார். அவர் அப்போது பிறக்கவே இல்லை.

1968-க்குள் உலகத்தில் லிபரேட்டருக்குப் பஞ்சம் வந்துவிட்டது. அதைச் செய்த அமெரிக்காவிலும் ஓட்டிய இங்கிலாந்திலும் காட்சிக்கு வைக்க ஒன்று அகப்படுவது அரிதாயிற்று. "இந்தியாவில் இருக்கிறதாமே!" என்று கடிதங்கள் வந்தன. 1968-இல் ஒன்று கனடாவுக்குப் போயிற்று. அதற்குப் பதிலாகக் கனடாக்காரர்கள் 'லைசாண்டர்' என்ற ஒரு பழைய விமானம் கொடுத்தார்கள். மாட்டுக்கு மாடு மாற்றிக்கொள்வதுபோல் நியாயமான வியாபாரம். 1969-இல் மற்றொன்று பூனாவிலிருந்து அமெரிக்காவின் அரிஸோனா பாலைவனம் வரையில் தானே பறந்து போய்ச் சேர்ந்தது. 1974-இல் இன்னொன்று இங்கிலாந்தின் விமானப்படைக் காட்சிசாலைக்குப் போயிற்று. பிறகு விற்பனையில் ஒன்று சீமைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்து, பிரித்துப் புதுப்பிக்கப்பட்டு 1989-இல் மறுபடி பறந்தது. இன்று உலகத்தில் எஞ்சியுள்ள லிபரேட்டர்களைக் கைவிரல் கால்விரல்களை வைத்தே எண்ணிவிடலாம். அவற்றில் ஆறு நம் விமானப் படையில் இருந்தவை. ஆறில் ஒன்றுதான் டில்லி பாலம் காட்சிசாலையில் நம்மிடம் நிற்கிறது. ஸ்பிட்பயர், டெம்பெஸ்ட் என்ற சண்டை விமானங்களும் 1970-களின் பிற்பகுதியில் இப்படியே போயின. எதிரியை ஏமாற்ற விமானதளத்தில் பொம்மையாக நிறுத்தி வைத்திருந்த டெம்பெஸ்ட்டுகளைக்கூட விலை கொடுத்து வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

விற்றது தவறா? அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அரிசிக்குக் கப்பலை எதிர்பார்த்திருந்த தேசம் பழைய விமானத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி ஒரு சிலையோ பாத்திரமோ நூறு வயதானால்தான் தொல்பொருள். 1944-இல் செய்த விமானம் 2044-இல்தான் அந்தப் பதவியை அடையும். அதுவரையில் அது பழைய இரும்புக் கடைச் சரக்கு. அதுவும் இரும்புகூட அல்ல, அலுமினியம்!

நம் மனத்தில் உறுத்துவது வேறு. வாங்கிப் போனவர்கள் அந்த விமானங்களுக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் வர்ணமும் அவர்களுடைய படைப்பிரிவின் எண்ணும் பூசிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டியது மூன்று நான்கு வருஷம். நம் பிள்ளைகள் ஓட்டியது இருபது வருஷம். சாயத்துக்கு அடியில் அந்த இருபது வருஷம் மறைந்துவிட்டது.

நாமும் ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து ஒன்றை மீட்டுக் கொண்டுவந்தோம் என்பதைச் சொல்லாமலிருக்கக் கூடாது. அது டக்கோட்டா விமானம். 1947 அக்டோபர் 27-ஆம் தேதி சீக்கியப் படைவீரர்களை முதன்முதலாக ஸ்ரீநகரில் கொண்டு இறக்கியது அந்த ஜாதிதான். 1944-இல் கட்டிய டக்கோட்டா ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 2011-இல் ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கினார். அவருடைய தகப்பனார் விமானப் படையில் டக்கோட்டா ஓட்டியவர். இனாமாகத் தருகிறேன் என்று சொன்ன பிறகும் சர்க்கார் அதை ஏற்றுக்கொள்ள வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2018 ஏப்ரல் 17-ஆம் தேதி இங்கிலாந்தின் காவென்ட்ரியிலிருந்து புறப்பட்டு, பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், அரேபியா என்று தத்தித் தத்தி, 25-ஆம் தேதி ஜாம்நகரில் வந்து இறங்கியது. 'பரசுராமா' என்று பெயர். ஸ்ரீநகர் போன அந்த முதல் விமானத்தின் எண்ணையே, வி.பி.905 என்று, அதன் உடம்பில் எழுதியிருக்கிறார்கள். தகப்பன் பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல.

*

பெரியவர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார். டீ ஆறும் வரையில் ஒருவரும் பேசவில்லை.

"நிலத்துல நின்னதை எடுத்துக்கினு போனாங்க, சரி. கடல்ல வுழுந்ததை எடுப்பாங்களா?" என்று கேட்டார்.

எடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவிலுள்ள கால்வாயில், 1940-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய டார்னியர் விமானம் ஒன்று மணல்திட்டில் கிடந்தது. 2013 ஜூன் 10-ஆம் தேதி அதைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். காற்றுப் பட்டவுடனே உப்பு தகட்டைத் தின்ன ஆரம்பித்துவிடும் என்பதால், கூடாரம் போட்டு, எலுமிச்சையில் உள்ள அமிலத்தைத் தண்ணீரில் கலந்து நாள் தவறாமல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். "நாங்க மீனுக்கு உப்புப் போட்டுக் காப்பாத்துறோம், அவுங்க உப்பை எடுத்துக் காப்பாத்துறாங்க" என்று சிரித்தார் பெரியவர்.

"விமானத்தைத் தேடுவது மட்டுமில்லை, பெரியவரே. ஆளையும் தேடுகிறார்கள்" என்றோம். 1944 ஜனவரியில் சீனாவிலிருந்து அஸ்ஸாமுக்குத் திரும்பிய அமெரிக்க லிபரேட்டர் ஒன்று, எட்டுப் பேருடன் இன்றைய அருணாசலப் பிரதேசத்து மலையில் மோதி மறைந்தது. 2006-இல் ஒருவர் மலையேறிப் போய்ச் சிதைவைக் கண்டார். 2015-இல் அமெரிக்க சர்க்கார் ஆட்களை அனுப்பி அங்கே மண்ணைச் சலித்தெடுத்தது. கிடைத்த சில எலும்புகளைப் பெட்டியில் வைத்துக் கொடி போர்த்தி, 2016 ஏப்ரலில் டில்லியிலிருந்து அனுப்பினார்கள். பரிசோதனையில் ஒருவர் இன்னார் என்று தெரிந்தது. ஜார்ஜியா மாகாணத்துச் சிற்றூர்க்காரர். எழுபத்துமூன்று வருஷம் கழித்து, 2017-இல் அவரைச் சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். பெற்றவர்கள் யாரும் அப்போது உயிரோடில்லை.

பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம ஏரோப்ளேன் ஒண்ணு போச்சே, தாம்பரத்துலேந்து. அது?"

மைத்துனர் எழுந்து போய், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த விஷயம் பேசும்போது அவர் எப்போதும் எழுந்து போய்விடுவார். ஆகவே நாமே சொன்னோம். 2016 ஜூலை 22-ஆம் தேதி காலையில் ஏ.என்.32 விமானம் ஒன்று இருபத்தொன்பது பேருடன் தாம்பரத்திலிருந்து அந்தமானுக்குப் புறப்பட்டு, வங்காள விரிகுடாவின்மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக் கணக்கில் தேடின. ஒரு துண்டுகூட அகப்படவில்லை. செப்டம்பரில், அனைவரும் இறந்ததாகக் கொள்ள வேண்டியதே என்று குடும்பத்தாருக்குத் தெரிவித்துவிட்டார்கள். ஏழரை வருஷத்துக்குப் பிறகு, சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசீய சமுத்திரத் தொழில்நுட்ப நிலையத்தார் ஆளில்லாமல் தானே நீந்தும் ஒரு யந்திரத்தைக் கடலடிக்கு அனுப்பினார்கள். அது ஒலியை எறிந்து எதிரொலியைக் கொண்டு தரையை அளக்கும்; இருட்டில் விளக்குப் போட்டுப் படமும் பிடிக்கும். சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில், விமானத்தின் சிதைவுகள் அந்தப் படங்களில் தெரிந்தன. 2024 ஜனவரியில் சர்க்கார் அதை வெளியிட்டது. அந்தப் பக்கத்தில் வேறு எந்த விமானமும் காணாமற்போனதாகச் செய்தியில்லை. ஆதலால் அதுவே என்று கொண்டார்கள்.

"ஆளுங்க?"

"படங்கள்தாம் மேலே வந்தன, பெரியவரே."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பையன் நம்மிடம் மெதுவாக, "தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாரு, ஸார். புயல்ல கட்டுமரத்தோட போனவரு" என்றான்.

"இருபது வயசு" என்றார் பெரியவர். "கரையெல்லாம் தேடினோம். வடக்கே ஆந்திரா வரைக்கும் நடந்தோம். ஒரு துடுப்பு கிடைச்சாலும் யாருதுன்னு தெரிஞ்சுடும், ஒவ்வொரு குப்பத்துக்கும் ஓர் அடையாளம் வெட்டியிருப்போம். மத்தவங்க வலை மிதந்து வந்தாக்கூட மிதவையைப் பாத்து அவுங்க குப்பத்துல கொண்டு போய்க் குடுத்துடுவோம். அவனுது ஒண்ணும் வரல்லே." பிறகு, "அந்த இருபத்தொம்பது பேரு வூட்லயும் இடமாச்சும் தெரிஞ்சுதே, வாத்தியாரய்யா. இந்தப் பக்கம்னு பாத்து ஒரு கையி பூப் போடலாமே" என்றார்.

மைத்துனர் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏ.என்.32-இன் எஞ்சின் எப்படி இருக்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், உள்ளே எத்தனை பேர் உட்காரலாம் என்றெல்லாம் பெரியவர் கேட்டார், அவர் சொன்னார். நம்மிடம்கூட அவர் அவ்வளவு சொன்னதில்லை.

வெயில் தாழ்ந்ததும் விடைபெற்றுக்கொண்டோம். தகட்டை என்ன செய்வது என்று பையன் கேட்டான். மீஞ்சூர் லாரிக்காரர் யாரும் அதைத் தேடி வரப்போவதில்லை. பெரியவர் அதை வாங்கி, கோழிக்கூட்டின் ஒழுகும் மூலைக்கு வைத்துப் பார்த்தார். அளவெடுத்ததுபோல் பொருந்திற்று. படகு நம்மை ஏற்றிக்கொண்டு ஏரியில் திரும்பியபோது கரையில் சுத்தியல் சத்தம் கேட்டது. மைத்துனர் சற்றுக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆணி சாய்ந்து இறங்குகிறது" என்றார்.